உப்புக்காற்றில் இறுகிப்போன ஸ்பின்னரைக் கழற்றுவது எப்படி

சக்கரத்தின் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, அதற்கு இரண்டு காது. கம்பி வீல் போட்ட பழைய எம்ஜி, ட்ரையம்ப், ஜாகுவார், ஆஸ்டின் ஹீலி எதுவானாலும் சக்கரம் நிற்பது அந்த ஒற்றை நட்டை நம்பித்தான். அதற்கு ஸ்பின்னர் என்று பெயர். அது இறுகிப்போய் ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால் நான் முதலில் சுத்தியலை எடுப்பதில்லை. சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இது எந்தப் பக்கம் திரும்பினால் கழலும் என்று பார்ப்பேன். அது தெரியாமல் வைக்கிற ஒவ்வொரு அடியும் வண்டிக்குக் கெடுதல்.

எனக்கு உச்சிப்புளியில், ராமேஸ்வரம் ரோட்டுமேல் பட்டறை. தொழில் படித்தது மண்டபத்தில், விசைப்படகு எஞ்சின்களில். கார் பிறகு வந்தது. கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி, அவர் வாப்பா வைத்திருந்த எம்ஜிபி என்ற பழைய எம்ஜி காரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பல வருஷம் கடற்கரைப் பக்கம் ஒரு ஷெட்டுக்குள் நின்ற வண்டி. முன் வலது சக்கரம் கழலவில்லை.

"நாலு பேரு அடிச்சுப் பாத்துட்டாங்கண்ணே. அசையவே இல்ல. வெல்டிங் வச்சு வெட்டிரலாமான்னு கேக்குறாங்க."

"வெட்டுறது இருக்கட்டும் தம்பி. எந்தப் பக்கமா அடிச்சாங்க?"

அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. காதுகளில் குரோமியம் பெயர்ந்து, உலோகம் நசுங்கியிருந்த முகம் எது என்று பார்த்தாலே போதும். அத்தனை பேரும் இறுக்குகிற திசையில் அடித்திருந்தார்கள். துரு பாதி இறுக்க, ஆட்கள் மீதியை இறுக்கியிருந்தார்கள்.

திசை

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வருகிற இடம், வலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பி வீல் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு நாம் தினமும் பார்க்கும் வலது மரை. கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழலும். வலப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. அங்கே கடிகார முள் போகிற திசையில் திருப்பினால்தான் கழலும். இரண்டையும் சேர்த்து மனதில் வைக்க ஒரே வாக்கியம் போதும்: மேலே நிற்கும் காதை வண்டியின் முகம் பக்கம் தள்ளினால் கழலும், டிக்கி பக்கம் தள்ளினால் இறுகும். எந்தப் பக்கச் சக்கரமானாலும் இதுதான்.

நம் பக்கத்து மெக்கானிக்குகள் தடுமாறுவது லாரியால். பழைய லாரிகள் பலவற்றிலும் இடது மரை உண்டு, ஆனால் அது இடப்பக்கச் சக்கரத்து நட்டுகளில். லாரியில் கை பழகியவர், இடப்பக்கம்தான் எதிர்மரை, வலப்பக்கம் சாதா மரை என்று நினைத்துக்கொண்டு இந்தக் கார் பக்கம் வருகிறார். இங்கே தலைகீழ். திறமை இல்லாமல் யாரும் தப்பாக அடிப்பதில்லை, பழகிய கை அப்படி.

காரணம் தெரிந்தால் மறக்காது. ஸ்பின்னரின் உள்முகம் கூம்புக் குழியாக இருக்கும். அது வீலின் நடுவில் துருத்தி நிற்கும் கூம்பின் மேல் போய் உட்காருகிறது. குழி மயிரிழை பெரிது. வண்டி ஓடும்போது பாரம் எப்போதும் மேலிருந்து அமுக்குவதால், சுழல்கிற கூம்பின் மேல் ஸ்பின்னர் கண்ணுக்குத் தெரியாத அளவில் உருள்கிறது. சின்ன வளையத்தைச் சுற்றிப் பெரிய வளையம் இப்படி உருண்டால், பெரியது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழல, ஸ்பின்னர் பின்னோக்கி நகரும். பின்னோக்கி என்பதே இறுகும் திசை. வண்டி ஓட ஓடத் தானாக இறுகட்டும் என்றுதான் மரையை அப்படி வெட்டி வைத்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஸ்பின்னரில் பதித்திருக்கும் எழுத்தைத் தேடிப் பாருங்கள். கழற்று என்று ஆங்கிலத்திலும், பக்கத்தில் அம்புக்குறியும் பெரும்பாலான ஸ்பின்னர்களில் இருக்கும். துருவுக்கும் பழைய பெயின்ட்டுக்கும் அடியில் மறைந்திருந்தால் நைலான் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தெரியும். பல கை மாறிய வண்டியில் ஹப்பையே, அதாவது வீலும் ஸ்பின்னரும் ஏறி நிற்கிற நடுத் துண்டையே, யாராவது பக்கம் மாற்றிப் போட்டிருக்கலாம். அப்போது நான் சொன்ன முகம், டிக்கி கணக்குத் தப்பும். அம்புக்குறி தப்பாது. இடது மரை ஸ்பின்னர் வலது மரை ஹப்பில் ஏறவே ஏறாது என்பதால், ஏறி நிற்கிற ஸ்பின்னரில் இருக்கும் அம்பு அந்த ஹப்புக்கு உரியதுதான். அம்பும் கணக்கும் முரண்பட்டால், கழற்றியதும் ஹப்பைச் சரியான பக்கத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வண்டியை ரோட்டில் விட வேண்டும். பக்கம் மாறிய ஸ்பின்னர் ஓட ஓடத் தளரும்.

காதே இல்லாமல் எட்டுப் பட்டை நட்டு இருந்தாலும் திசை இதேதான். 1968 முதல் அமெரிக்காவில் வெளியே துருத்தும் காதுக்குத் தடை வந்ததால், அங்கே போன வண்டிகளுக்கு அப்படிச் செய்தார்கள். அதற்கு அளவான எட்டுப் பட்டை பானா தனியாக உண்டு. பைப் ரெஞ்சைப் போட்டுப் பட்டையை உருட்டிவிடாதீர்கள்.

ஏன் இங்கே இவ்வளவு இறுகுகிறது

துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். மரைக்கு நடுவில் இருக்கும் மெல்லிய சந்தில் இரும்பு துருவாக மாறும்போது அது பருத்து, இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களிலும் இது நடக்கும். நம் கரையில் உப்பு சேர்ந்துகொள்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், மழை பெய்து மாதக்கணக்கானாலும் அந்தச் சந்து காய்வதே இல்லை. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளித்துத் தூவானம் ஏறும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல். மண்டபம், பாம்பன் பக்கம் இரண்டு கடலுக்கும் நடுவில் வாழ்கிறோம், வருஷம் முழுக்க ஏதோ ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துரு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் உங்கள் கார் ஷெட்டுக்குள்ளும் வீசுகிறது.

படகு வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். புரொப்பல்லர் நட்டு எந்நேரமும் கடல்நீருக்குள் கிடக்கிறது. ஆனாலும் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிக் கழற்றும்போது பெரும்பாலும் மரியாதையாகக் கழன்று வரும். போட்டவன் மரை நிறைய கிரீஸ் வைத்துப் போட்டிருப்பான். கரையில் நிற்கும் கார் நட்டு நனைந்தும் காய்ந்தும், நனைந்தும் காய்ந்தும் கிடக்கிறது, அதற்குக் கிரீஸ் வைக்கவும் ஆள் இல்லை.

முதல் வேலை தண்ணீர்

எண்ணெய் அடிப்பதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இங்கே போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. குடிக்கிற தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும். உப்புப் பொருக்கின் மேல் எண்ணெயை அடித்தால் அது பொருக்கின் மேலேயே நிற்கும், சந்துக்குள் போகாது. ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஸ்பின்னரைச் சுற்றிப் பழைய பனியன் துணியைச் சுற்றி, துணி மேல் மெதுவாக ஊற்றுங்கள். உப்பும் கரையும், நட்டும் சூடாகும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, ஏர் அடித்து நன்றாகக் காய வைத்த பிறகுதான் எண்ணெய்.

எண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஹப்பில் மரை வெளியே தெரியாது. முன்பக்கத்தை ஸ்பின்னர் மூடியிருக்கிறது, அதன் கூம்பு வீலின் கூம்பில் அமுங்கியிருக்கிறது. பின்பக்கமும் வீல் ஒரு கூம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முனையும் அடைத்த குழாய்க்குள் எண்ணெய் போக வேண்டும். மாலையில் ஒரு தடவை ஸ்பிரே அடித்துவிட்டுக் காலையில் கழலவில்லை என்றால் அது எண்ணெயின் குற்றமில்லை. காலையும் மாலையுமாகச் சில நாள் விடாமல் அடித்து ஊற விடுங்கள். ஸ்பின்னரும் வீலும் சேரும் வளையக் கோட்டில் சுற்றிலும், பின்பக்கம் ஹப்பும் வீலும் சேரும் இடத்தில் கொஞ்சமாக. பின்பக்கம் அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். பிரேக்கில் எண்ணெய் பட்டால் நீங்கள் தீர்க்க வந்த பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை அது.

கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே மோசமில்லை. என் கைக்குப் பிடித்தது அசிட்டோனும் ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்தது. பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய் என்று கேட்டாலும் கடையில் பெரும்பாலும் அதைத்தான் தருவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று தங்காது, பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டைக் கரைக்கும், சுலபமாகத் தீப்பிடிக்கும். கண்ணாடி பாட்டிலில், தீயிலிருந்து தள்ளி வையுங்கள்.

மரப் பானா

செப்புச் சுத்தியலால் காதில் அடித்துக் கழற்றுவதுதான் இந்த வண்டிகளோடு வந்த முறை. நல்ல நிலையில் இருக்கிற ஸ்பின்னருக்கு அது போதும். இறுகியதற்கு அது போதாது. இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. காது வளையும், குரோமியம் உடையும், உடைந்த இடத்தில் உப்பு நுழையும். ஒவ்வொரு அடியும் வீல் பேரிங்கில் போய்ச் சேரும். கீழக்கரைத் தம்பியின் வண்டிக்கு நான் செய்தது மரப் பானா. இதைச் செய்யத் தெரிந்துகொண்டால் இந்த வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

முதலில் அச்சு எடுக்க வேண்டும். ஸ்பின்னர் மேல் தடித்த காகிதத்தை வைத்து, காதுகளின் ஓரத்தில் விரலால் அழுத்தி, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் உருவம் அப்படியே விழும். அதை வெட்டி எடுத்து மறுபடி ஸ்பின்னர் மேல் வைத்துப் பாருங்கள். அடிபட்ட காது ஒரு பக்கம் தடித்திருக்கும், அதற்கும் இடம் விடுங்கள். இந்த அச்சை எடுத்துக்கொண்டு மண்டபத்தில் எனக்குத் தெரிந்த படகு ஆசாரியிடம் போனேன். அவர் படகுக்கு வாங்கி வைத்திருந்த அயனி மரத்தில் ஒரு பலகைத் துண்டு கொடுத்தார். இரண்டு அங்குலக் கனம், ஐந்து அடி நீளம். கணு இல்லாத, நேர் நார் ஓடுகிற கட்டையாகத் தேர்ந்தெடுத்தார். கணு இருந்தால் பாரம் ஏறும்போது அங்கேதான் பிளக்கும்.

பலகையின் ஒரு முனைக்குச் சற்று உள்ளே தள்ளி அச்சு வடிவத்தை வரைந்து, மூலைகளில் துளை போட்டு, வாளால் அறுத்து, உளியால் ஓரம் சீவினார். காது உள்ளே போய் இறுக்கமாக நிற்க வேண்டும். ஆடினால் பாரம் ஒரு முனையில் மட்டும் ஏறிக் காது வளையும். அதனால் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, சாக்கட்டி தேய்த்த ஸ்பின்னரில் வைத்து எடுத்து, சாக்கட்டி ஒட்டிய இடத்தை மட்டும் மறுபடி சீவி, கடைசியில் கையால் தட்டி இறங்குகிற அளவுக்குக் கொண்டுவந்தார். துளையின் மேல் கனமான பிளைவுட் துண்டு ஒன்றை போல்ட்டு போட்டு மூடினோம். மூடி இருந்தால் பலகை ஸ்பின்னரைத் தாண்டி உள்ளே போய்க் கம்பிகளில் இடிக்காது. குறுக்கே பிளக்காமல் இருக்க முனையில் இரும்புப் பட்டை ஒன்று. உள்ளே பழைய டியூப் ரப்பரை ஒட்டிவிட்டால் குரோமியம் தப்பிக்கும்.

இனி வண்டியை நிறுத்துவது. சக்கரம் தரையில்தான் இருக்க வேண்டும், ஜாக்கி இப்போது வேண்டாம். எம்ஜிபியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன் சக்கரத்தில் வேலை என்றால் ஒருவரை உள்ளே உட்கார வைத்துக் கால் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். கழற்றும் திசை முன்னோக்கி என்பதால் சக்கரம் முன்னால் உருளத்தான் பார்க்கும், கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்த கட்டை இந்த வேலைக்கு உதவாது.

வண்டியைச் சற்று உருட்டி, மரப் பானாவை மாட்டினால் அதன் கைப்பிடி வண்டியின் முகம் பக்கமாகப் படுத்திருக்கும்படி காதுகளை நிறுத்துங்கள். அந்த நிலையில் கைப்பிடியைக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கச் சக்கரத்திலும் கழலும் திசைதான். ஐந்தடிக் கட்டையின் முனையில் 40 கிலோ பாரத்தை வைத்தால் ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை. ஒரு கை ஸ்பின்னர் மேல் பலகையை அமுக்கிப் பிடிக்க, மறு கை முனையில். ஏறிக் குதிக்காதீர்கள். அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டுப் பாருங்கள்.

அசையவில்லையா? ஒரு தடவை எதிர்த்திசையில், இறுகும் பக்கமாக, சின்ன அழுத்தம் கொடுங்கள். பலருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். ஆனால் துருவின் பிடியை உடைப்பதற்கு எந்தத் திசையானாலும் ஒரு மயிரிழை அசைவு போதும். அசைந்த சந்தில் எண்ணெய் நுழையும்.

அதிர்வும் சூடும்

நீளமான கட்டையைவிட அதிர்வு பெரிது என்பது என் தீர்மானமான கருத்து. ஸ்பின்னரின் நடு முகத்தில் பித்தளைத் துண்டோ கெட்டியான மரக்கட்டையோ வைத்து, அதன் மேல் இரண்டு கிலோ சுத்தியலால் நேராக, சக்கர அச்சின் வாக்கில், அளவாகத் தட்டுங்கள். திருப்புவதற்காக இல்லை, உள்ளே துருவைப் பொடிக்க. தட்டும்போது சத்தத்தைக் கேளுங்கள். இறுகியிருக்கும்போது மந்தமாக இருக்கும். பிடி விடத் தொடங்கினால் சத்தம் மாறும். பேரிங் தாங்கும் அளவுதான் தட்ட வேண்டும், சம்மட்டி எடுத்துச் சாத்தக் கூடாது.

சூட்டுக்கு ஹாட் ஏர் கன். பிளம்பரிடம், போர்டு எழுதுபவரிடம் இருக்கும். ஸ்பின்னரை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறும் வரை. வெளியே இருக்கும் நட்டு விரியும், உள்ளே இருக்கும் ஹப் அவ்வளவு விரியாது. கை தொடும் அளவுக்கு ஆறியதும் எண்ணெய் விடுங்கள். ஆறும்போது சந்து எண்ணெயை உள்ளே இழுக்கும். சூடாக இருக்கும்போதே அசிட்டோன் கலவையை ஊற்றிவிடாதீர்கள். இதை ஒரு நாளில் முடிக்க அவசரப்படாமல் சூடு, ஆறல், எண்ணெய், தட்டல், மரப் பானா என்று மாற்றி மாற்றிச் செய்தால் பெரும்பாலான ஸ்பின்னர் அசையும்.

கேஸ் வெல்டிங் தீயை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கம்பி வீலுக்குள் டியூப் இருக்கிறது, கம்பிகள் தீயில் பதம் கெடும், பேரிங் கிரீஸ் உருகி ஓடும். இதையெல்லாம்விட, காற்றுள்ள டயர் மாட்டிய வீலைத் தீயால் சூடாக்கினால் உள்ளே ரப்பர் கருகி வாயு கிளம்பி டயர் வெடிக்கும். அப்படி உயிர் போன விபத்துகள் உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கினால் விஷவாயு வரும். அதையும் செய்யாதீர்கள்.

தம்பியின் வண்டி இந்த முறையில்தான் கழன்றது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அவர் உள்ளே இருந்தார், நான் கட்டையின் முனையில். "டக்" என்று ஒரு சத்தம், வண்டி முழுக்க அதிர்ந்தது. "உடைஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டார். "இல்ல தம்பி, விட்டுருச்சு." பிடி விட்டதும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி, முன்னும் பின்னுமாக வாருங்கள். பொடிந்த துரு மரையில் சிக்கிக்கொண்டால் மரையைத் தின்றுவிடும். எடுத்துப் பார்த்தபோது மரைப் பள்ளங்களில் செங்கல் பொடி நிறத்தில் துரு கெட்டியாக அடைத்திருந்தது, ஓரங்களில் வெள்ளையாக உப்பு. அடியில் மரை முழுசாக இருந்தது.

நட்டு கழன்ற பிறகு வீல் வர மறுப்பதும் இங்கே சகஜம். வீலின் உள்பல்லும் ஹப்பின் பல்லும் துருவில் ஒட்டியிருக்கும். ஸ்பின்னரை முழுசாக எடுத்துவிட்டு உதைப்பது ஆபத்து. இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, அதை ஹப்பிலேயே விட்டு, ஜாக்கியில் இருந்தால் வண்டியை இறக்கி, கையால் தள்ளி முன்னும் பின்னும் சில அடி உருட்டுங்கள். பாரமே வேலையைச் செய்துவிடும்.

வெட்டத்தான் வேண்டும் என்றால்

எல்லாம் செய்தும் அசையாத ஸ்பின்னர் உண்டு. அப்போது ஸ்பின்னரைப் பலி கொடுங்கள், ஹப்பைக் காப்பாற்றுங்கள். ஸ்பின்னர் புதிதாக வாங்கலாம், ஹப் விலையும் அலைச்சலும் அதிகம். காதுகளுக்கு நடுவில் உள்ள உடம்பில், சக்கர அச்சின் வாக்கில், கிரைண்டரால் ஒரு கோடு வெட்டுங்கள். மரைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, உளியை அந்தக் கோட்டில் வைத்துத் தட்டினால் மீதி பிளந்து பிடி விடும். பொறி பட்டு டயரும் பெயின்ட்டும் கருகாமல் ஈரச் சாக்கால் மூடுங்கள், அசிட்டோனும் எண்ணெயும் பட்ட துணியை எல்லாம் முன்னமே தள்ளி வையுங்கள். புது ஸ்பின்னர் ஆர்டர் செய்யும்போது இடமா வலமா என்று சொல்வதோடு, ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை என்றும் எண்ணிச் சொல்லுங்கள். எம்ஜிபிக்கு 12 மரை, 8 மரை என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கொன்று ஏறாது.

நாலு நட்டு வீல் என்றால்

சாதா டிஸ்க் வீல் எம்ஜிபியில் நாலு அரை அங்குல ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரைக் கம்பி. இறுக்க வேண்டிய அளவு 60 முதல் 65 பவுண்டு அடி, அதாவது 81 முதல் 88 நியூட்டன் மீட்டர். இரண்டடி வீல் பானா மேல் 60 கிலோ ஆள் ஏறி நின்றால் அதுவே 350ஐத் தாண்டும். ஸ்டட் முறிவது இப்படித்தான். பஞ்சர் கடை ஏர் கன்னிலும் இதே ஆபத்து. இங்கேயும் கழுவுதல், எண்ணெய், தட்டல்தான். ஸ்டட் முனை வெளியே தெரிவதால் எண்ணெய் நேரே மரைக்குப் போகும், சீக்கிரம் கழலும். பிரிட்டிஷ் வண்டிக்கு அங்குல அளவு சாக்கெட், அதுவும் ஆறு பட்டை சாக்கெட் வாங்குங்கள். மில்லிமீட்டர் சாக்கெட் சில அளவில் ஒட்டி வரும், சிலவற்றில் லொடலொட என்றிருந்து பட்டையை உருட்டிவிடும். உருண்டுவிட்டால் ஒரு அளவு சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றித் திருப்புங்கள்.

மறுபடி மாட்டும்போது

மரையையும் பற்களையும் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு கையாலேயே சுத்தம் செய்யுங்கள். ஹப்பின் பற்களை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும், தேய்ந்தது கத்தி முனையாகக் கூர்ந்திருக்கும். கூர்ந்த பல்லோடு வண்டி ஓட்டக் கூடாது, ஒரு நாள் பிரேக் போடும்போது வீல் ஹப்பில் வழுக்கும்.

கிரீஸுக்கு மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ படகு சாமான் கடையில் நீர் புகாத கால்சியம் கிரீஸ் கேளுங்கள். உப்புத் தண்ணீருக்கு அது நிற்கும். மரை, பற்கள், இரண்டு கூம்பு எல்லாவற்றிலும் மெல்லியதாக. அள்ளி அப்பினால் ஓடும்போது பிரேக்கில் தெறிக்கும். நாலு நட்டு வீலில் மட்டும் ஸ்டட் மரையைக் காய்ந்த நிலையில் வைத்தே சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கிரீஸ் தடவி அதே அளவுக்கு இறுக்கினால் ஸ்டட் மேல் இழுப்பு கூடிவிடும். இறுக்கி முடித்த பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் முனையிலும் நட்டைச் சுற்றியும் கிரீஸ் தடவி மூடுங்கள்.

ஸ்பின்னரை இறுக்கும்போது சக்கரம் தரையை விட்டுத் தூக்கியிருக்கட்டும், அப்போதுதான் வீல் கூம்பில் நடுவாக உட்காரும். மரப் பானாவிலேயே, இந்த முறை கைப்பிடி டிக்கி பக்கம் படுத்திருக்க, கீழே அழுத்தி இறுக்குங்கள். இறக்கிய பிறகு இன்னொரு தடவை.

பிறகு வண்டியை மெதுவாகப் பாம்பன் பாலம் வரை ஓட்டிப் போய் வந்து, ஸ்பின்னரை மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இடம் கொடுப்பது இயல்பு. அரிச்சல்முனை ரோட்டில் போய் வந்தால் அன்று மாலையே நல்ல தண்ணீரில் சக்கரங்களைக் கழுவிவிடுங்கள், அங்கே இரண்டு பக்கமும் கடல், ரோட்டில் ஏறிக் கிடக்கும் மணலிலும் உப்பு. வாடை தொடங்கும் முன் ஒரு தடவை, கச்சான் தொடங்கும் முன் ஒரு தடவை நாலு வீலையும் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். வண்டி ஓடாமல் ஷெட்டிலேயே நின்றாலும் இதைச் செய்யுங்கள், நிற்கிற வண்டிக்குத்தான் இது அதிகம் தேவை. மரப் பானாவை எண்ணெய் தடவி டிக்கிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.